வீட்டில் ஒருவருக்கு டிபி: மற்றவர்கள் நன்றாகச் சாப்பிட்டால் வராமல் தடுக்க முடியுமா?

பின்னலாடை_ஊர்க்காரன்

அண்ணனுக்குப் போன மாதம் சளி டெஸ்டில் டிபி உறுதியாகிவிட்டது. வயது 38, பனியன் கம்பெனியில் வேலை, ஆள் இப்போது 41 கிலோதான். மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது, அதில் பிரச்சினை இல்லை. என் கேள்வி மற்றவர்களைப் பற்றி. அண்ணி, இரண்டு பிள்ளைகள், அம்மா, நான், எல்லோரும் ஒரே லைன் வீட்டில்தான் இருக்கிறோம். வீட்டில் இருப்பவர்களுக்கு ரேஷன் மாதிரி சத்துணவு கொடுத்ததில் டிபி வருவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று ஒரு ஆராய்ச்சி வந்ததாக நண்பர் ஒருவர் அனுப்பினார். நிஜமா, இல்லை வாட்ஸ்அப் சரக்கா? அம்மா அதற்குள் அண்ணனுடைய தட்டு, டம்ளரை எல்லாம் தனியாக எடுத்து வைத்துவிட்டார், அவர் முகமே வாடிப்போய்விட்டது. அதுவும் தேவையா?

தாம்பரத்தான்

மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்லுங்கள், சாப்பாடெல்லாம் அப்புறம். இதைச் சோதித்துப் பார்த்ததே நம் சென்னையில்தான். 1956-ல் ஆரம்பித்து, நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்தில், அதாவது டிபிக்கான தனி ஆஸ்பத்திரியில், வைத்து மாத்திரையோடு நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு வீட்டிலேயே அதே மாத்திரை மட்டும். வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான குடிசைகளில் அரை வயிற்றுக் கஞ்சியோடு இருந்தவர்கள், ஆனாலும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் அதிகமாகப் பரவவில்லை. 1959-ல் அது வெளிவந்த பிறகு வீட்டிலேயே சிகிச்சை என்பது உலகம் முழுக்கப் பரவியது. முட்டையும் பாலும் நல்லதுதான், அதை மருந்து என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

செவிலி_அக்கா

சார் சொல்வது சரியான ஆய்வு, ஆனால் அது கேட்ட கேள்வி வேறு. மருந்தோடு சேர்த்துத் தனி உணவும் சானடோரியமும் இருந்தால்தான் நோய் குணமாகுமா என்று அங்கே பார்த்தார்கள். தம்பி கேட்பது, இன்னும் நோய் வராத வீட்டாரைப் பற்றி.

நண்பர் அனுப்பியது உண்மைதான். ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு அது. முடிவுகள் 2023 ஆகஸ்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தன. மங்களூர் மருத்துவக் கல்லூரி மருத்துவர்களோடு நம் சென்னை காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் உண்டு. 2,800 நோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் இருந்த 10,345 பேர். எல்லா நோயாளிகளுக்கும் மாதம் பத்து கிலோ பை கிடைத்தது: அரிசி, பொட்டுக்கடலை மாவு, பால் பவுடர், எண்ணெய். வித்தியாசம் வீட்டாரிடம்தான். ஒரு பகுதியில் வீட்டில் உள்ள பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. பத்து வயதுக்குக் கீழே பாதி அளவு. இன்னொரு பகுதியில் வீட்டாருக்கு ஒன்றும் இல்லை. உணவு கிடைத்த வீடுகளில் எல்லா வகை டிபியும் சேர்த்து 39 சதவீதம் குறைவு, சளியில் கிருமி உறுதியான நுரையீரல் டிபி மட்டும் பார்த்தால் 48 சதவீதம். அந்த 'பாதி' அங்கிருந்து வந்ததுதான்.

தட்டை உடனே திருப்பி வையுங்கள் தம்பி. தட்டு, டம்ளர், துணியால் டிபி பரவாது, இருமும்போது காற்றில்தான் பரவும். ஜன்னலைத் திறந்து வைப்பது, முதல் சில வாரம் அண்ணன் மாஸ்க் போட்டுக்கொள்வது, முடிந்தால் தனியாகப் படுப்பது, இவைதான் வேலைக்கு ஆகும்.

எண்ணிப்பார்

ஆய்வு நல்ல ஆய்வு, ஆனால் 39, 48 என்று மட்டும் சொன்னால் ஆள் மிரண்டுவிடுவார் அல்லது ஏமாந்துவிடுவார். உணவு கிடைக்காத வீடுகளில் நூற்றுக்கு 2.6 பேருக்கு வந்தது, கிடைத்த வீடுகளில் 1.7 பேருக்கு. ஒருவருக்கு வராமல் தடுக்க ஏறத்தாழ முப்பது குடும்பங்களுக்கு உணவு கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு மாநிலத்துக்கு இது பெரிய விஷயம், அரிசி பருப்பில் இவ்வளவு தடுக்க முடிகிறது என்பதை யாரும் சாதாரணமாக நினைக்க முடியாது. ஆனால் ஒரு தனி வீட்டில் "சாப்பிட்டுவிட்டோம், இனி வராது" என்று உட்கார்ந்துவிட முடியாது. இன்னொன்று, அங்கே வீட்டாரில் மூன்றில் ஒருவருக்குமேல் ஊட்டம் குறைந்தவர்கள், பெரும்பாலும் பழங்குடிக் குடும்பங்கள். ஏற்கெனவே மூன்று வேளை வயிறாரச் சாப்பிட்டு எடை கூடியிருக்கிறவருக்கு இன்னும் ஐந்து கிலோ அரிசி கொடுத்தால் தொப்பைதான் வரும்.

பின்னலாடை_ஊர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. தட்டு விஷயத்தை அம்மாவிடம் சொல்லிவிட்டேன், கோபம்தான், ஆனால் கேட்டுக்கொண்டார். எங்கள் வீட்டில் அண்ணியும் சின்னவனும்தான் ஒல்லி. அம்மா குண்டு, ஆனால் பத்து வருடமாகச் சர்க்கரை. அப்படியானால் அவருக்குப் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

செவிலி_அக்கா

இல்லை தம்பி, உங்கள் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியதே அம்மாவைத்தான். சர்க்கரை இருந்தால் டிபி வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. ஜார்க்கண்டில் பட்டினிதான் பெரிய காரணம், நம் பக்கம் சர்க்கரையும் அதே அளவு தொல்லை. எல்லோரையும் பி.எச்.சி.க்கு (ஆரம்ப சுகாதார நிலையம்) கூட்டிப்போங்கள், அறிகுறி கேட்டு எக்ஸ்ரே எடுத்து நோய் இல்லை என்று தெரிந்த பிறகு தடுப்பு மாத்திரை தருவார்கள். ஆறு மாதம் தினமும் ஒன்று, அல்லது வாரம் ஒருமுறை வீதம் பன்னிரண்டு வாரம். வார மாத்திரை என்றால் அம்மா போடும் சர்க்கரை மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள், அது சில சர்க்கரை மருந்துகளின் வேலையைக் குறைக்கும். சிறுநீர் ஆரஞ்சாகப் போனால் அலற வேண்டாம், மருந்தின் நிறம்தான். அண்ணிக்கும் சின்னவனுக்கும் முட்டை, பயறு, நிலக்கடலை, கட்டுப்படியானது எதுவோ அது. அம்மாவுக்கு அரிசியைக் கூட்டாதீர்கள், பருப்பைக் கூட்டுங்கள்.

அப்புறம் அண்ணன். அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடம் இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. 41 கிலோ ஆளுக்கு அது இரண்டு கிலோதான். மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் அதே எடை மெஷினில் ஏற்றி அட்டையில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் ஊர் மெஷின் முள் ஒரு கிலோ தள்ளித்தான் நிற்கும், ஆனால் ஒரே மெஷின் என்றால் கூடியதா குறைந்ததா தெரிந்துவிடும். கால் வீக்கம், மூச்சு வாங்குவது, எதையும் பிடித்துக்கொள்ளாமல் எழுந்து நிற்க முடியாமை, இதில் எது வந்தாலும் வெளிநோயாளி வரிசையில் நிற்காமல் அட்மிஷன் கேளுங்கள். 2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் முதலில் பார்ப்பதே எடை, ஆக்சிஜன், மூச்சு வேகம் இவற்றோடு இந்தக் கால் வீக்கமும் நிற்க முடிவதும்தான்.

தாம்பரத்தான்

சரி, வீட்டாருக்குத் தடுக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதற்கெல்லாம் காசு? லைன் வீட்டில் ஒரு சம்பளம் நின்றுபோயிருக்கிறது.

செவிலி_அக்கா

நோயாளி கணக்கில் அரசு உதவியாக மாதம் 1,000 ரூபாய் வரும், 2024 நவம்பருக்கு முன்பு 500-ஆக இருந்தது. வங்கிக் கணக்கு விவரம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள், எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு அங்கேதான் சிக்குகிறது. வீட்டாருக்கும் உணவுப் பை கொடுக்கலாம் என்று நிக்ஷய் மித்ரா திட்டத்தை 2024-ல் விரித்திருக்கிறார்கள், ஆனால் உங்கள் பகுதியில் யாராவது நன்கொடையாளர் முன்வந்திருந்தால்தான் கைக்கு வரும். பி.எச்.சி.யில் டிபி பார்க்கும் சூப்பர்வைசரைப் பெயர் கேட்டுப் பாருங்கள், போன் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.