மலை, பாலை, பாறை: வண்டியை நிறுத்திப் பார்த்த இடங்கள்

காவேரிப்பட்டணம் வாத்தியார்:

வெளியூர் போய் வந்தால் கோயிலைப் பற்றிப் பேசுகிறோம், அருவியைப் பற்றிப் பேசுகிறோம், சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்த ஊர் எந்தக் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. மலையிலோ பாலைவனத்திலோ பாறையைப் பார்த்து நின்றுவிட்ட அனுபவம் இருந்தால் எழுதுங்கள். என்னுடையது தூரதேசமெல்லாம் இல்லை, நம் ரோடுதான்.

பள்ளிப் பிள்ளைகளைக் கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி வழியாக ஒகேனக்கல்லுக்கு வேனில் கூட்டிப் போவது எங்கள் வழக்கம். பிள்ளைகளுக்குப் பரிசலும் மீன் வறுவலும்தான் கண்ணில் நிற்கும். எனக்கு வழியில் வருவதுதான் பாடம். கிருஷ்ணகிரியைச் சுற்றி அதிகம் இருப்பது நீஸ் என்கிற பட்டைக் கல். வெளுப்பும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக ஓடும். சில இடங்களில் அந்தப் பட்டைகள் மடிந்து சுருண்டு கிடக்கும். 'பாரடைசோ' என்ற பெயரில் பலகையாக அறுத்துக் கப்பல் ஏறுகிற நம் ஊர்க் கல்லும் இந்தக் குடும்பம்தான். தெற்கே போகப் போகப் பட்டைகள் மங்கி, கல் முழுவதும் கருத்துவிடுகிறது. அது சார்னோக்கைட்.

வேனில் உட்கார்ந்தபடி இதைக் கண்டுபிடிக்க முடியாது. வெயிலும் மழையும் பட்ட மேல்தோல் இரண்டிலும் ஒரே பழுப்புதான். உடைந்த முகம் வேண்டும். ரோட்டுக்காக வெட்டிய சரிவின் அடியில் உதிர்ந்து கிடக்கிற துண்டே போதும். நீஸில் கறுப்பு மைக்கா (அபிரகம்) மினுங்கும், குண்டூசியால் நெம்பினால் செதிலாகப் பெயரும். சார்னோக்கைட்டில் அந்த மினுக்கம் குறைவு. பச்சை கலந்த சாம்பல் நிறம், எண்ணெய் தடவிய மாதிரி ஒரு வழவழப்பு, நடுவில் லேசாக நீலம் ஓடுகிற குவார்ட்ஸ். பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றுங்கள், நீலம் பளிச்சென்று தெரியும்.

ஏன் இந்த மாற்றம்? நீஸில் இருக்கிற மைக்கா, ஹார்ன்பிளெண்ட் என்ற இரண்டு கனிமங்களின் கட்டமைப்பிலும் நீர் இருக்கிறது. ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 700 டிகிரிக்கு மேல் வெந்தபோது அந்த நீர் வெளியேறி, ஹைப்பர்ஸ்தீன் என்ற நீரற்ற கனிமம் உருவானது. வடக்கே இருப்பது அவ்வளவு ஆழத்துக்குப் போகாத பாகம், தெற்கே இருப்பது அதைவிட அடியில் வெந்த பாகம். ஆக, கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரிக்குப் பஸ் ஏறினால் பூமியின் பழைய மேலோட்டில் கீழே கீழே இறங்கிக்கொண்டே போகிறோம். இதைச் சொன்னதும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அப்போ மேலே இருந்த 20 கிலோமீட்டர் கல்லெல்லாம் எங்கே சார் போச்சு?" அந்தக் கேள்விக்காகவே மறுபடியும் அந்த வழியில் போகலாம். இன்றைய காவிரி பிறப்பதற்கு எவ்வளவோ காலம் முன்பே, பெயர் தெரியாத ஆறுகள் அரித்து அரித்துக் கடலில் சேர்த்துவிட்டன.

ஊத்தங்கரை, இப்போது மஸ்கட்:

வணக்கம் சார். நான் இங்கே ரோடு போடுகிற கம்பெனியில் சர்வே வேலைக்கு உதவியாளாக இருக்கிறேன். பாலைவனம் என்றால் மணல் என்று நினைத்துத்தான் வந்தேன். ஓமானில் மணல்மேடு பார்க்க ஷர்கியா பக்கம் போக வேண்டும். நாங்கள் வேலை செய்கிற இடமெல்லாம் மொட்டை மலை. புல் கிடையாது, மண் கிடையாது, அதனால் பாறை ஒளிந்துகொள்ள இடமே இல்லை. எந்த மடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ரோட்டிலிருந்தே விரலால் காட்டலாம்.

நிஸ்வா போகிற வழியில் துருப்பிடித்த நிறத்தில் மலைகள் வரும். எங்கள் கம்பெனியின் ஜியாலஜிஸ்ட் ஒருநாள் இறங்கச் சொல்லிக் காட்டினார். ஒரு காலத்தில் கடலடித் தரையும், அதற்குக் கீழே பூமியின் கவசப் பகுதியில் (மேன்டில்) இருந்த பெரிடோடைட் என்ற கல்லும் சேர்ந்து, கண்டத்தின் மேல் தள்ளப்பட்டு ஏறி நிற்கிற இடமாம் அது. வயது சுமார் 9.5 கோடி ஆண்டு. நம்மால் தோண்டியே போக முடியாத ஆழத்துக் கல்லின் மேல் செருப்புக் காலோடு நிற்கிறோம் என்றதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அந்தப் பழுப்புக் கல்லுக்குள் வெள்ளை நரம்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. மழைநீரும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் உள்ளே இறங்கி, மெக்னீசியத்தோடும் கால்சியத்தோடும் சேர்ந்து கார்பனேட்டாக உறைந்தது என்றார். எனக்குச் சட்டென்று சேலம் ஞாபகம் வந்தது. தொப்பூர் இறங்கிச் சேலத்துக்குள் நுழைகிற பக்கம் மேக்னசைட் (மெக்னீசியம் கார்பனேட்) சுரங்கம் இருக்கிறதே, அங்கேயும் டியூனைட் என்ற இதே இனத்துக் கல்லுக்குள் வெள்ளை நரம்புதான். படிக்கிற காலத்தில் ரயில் ஜன்னல் வழியாக எத்தனையோ தடவை பார்த்த வெள்ளைக் குவியல். அதன் விளக்கம் எனக்கு ஓமானில் கிடைத்தது.

இன்னொன்று. இங்கே நிலத்தைச் செதுக்குவதில் காற்றைவிடத் தண்ணீருக்குப் பங்கு அதிகம். வாதி என்கிற காட்டாறு ஆண்டு முழுக்கக் காய்ந்து கிடக்கும். ஒரு மழை பெய்தால் ஆள் உயரக் குண்டுக்கல்லை உருட்டிக்கொண்டு வரும். மலையிலிருந்து சமவெளிக்கு வந்ததும் வேகம் குறைந்து, சரளையை விசிறி வடிவத்தில் கொட்டிவிட்டுப் போகும். வாதிக்குள் கூடாரம் போடாதே என்பதுதான் இங்கே வந்ததும் சொல்லித் தந்த முதல் பாடம்.

அரூர்:

நான் படித்தது பி.காம். கல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்த்தமலை சொல்லித் தந்ததுதான். சின்ன வயதில் பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தம் எடுத்து, நூலில் கட்டி, மலையடிவார ஓடை மணலில் இழுத்துக்கொண்டே போவோம். கொஞ்ச தூரத்தில் காந்தம் முழுக்கக் கறுப்பு மீசை முளைத்துவிடும். அந்தப் பொடியைக் காகிதத்தில் வைத்து, அடியில் காந்தத்தை நகர்த்தினால் மேலே அது எழுந்து நடக்கும்.

அது மேக்னடைட் என்று பின்னால்தான் தெரிந்தது. மலையில் இருப்பது மேக்னடைட் குவார்ட்சைட். ஒரு வரி கறுப்பு இரும்புத் தாது, ஒரு வரி வெளுத்த குவார்ட்ஸ் என்று மாறி மாறி அடுக்கு. சேலம் கஞ்சமலையிலும் இதே கல்தான். ஒரு துண்டைக் கையில் வாங்கிப் பாருங்கள், அதே அளவு சாதாரணக் கல்லைவிடக் கனம் அதிகம் என்பது உடனே தெரிந்துவிடும்.

கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று 2022-இல் அரசு அறிவித்தபோது என் நினைவு நேராக அந்த ஓடைக்குத்தான் போனது. சுரங்கம் தோண்டாமலே, மலை தானாக உடைத்து, ஓடை தானாகச் சலித்துத் தருகிற தாது நம் பக்கத்து மலைகளில் இருந்திருக்கிறது. அந்தக் காலத்து மனிதர் கண்ணிலும் அந்தக் கறுப்பு மணல் பட்டிருக்காதா? இது என் ஊகம்தான், ஆனால் எனக்கு அதில் பெரிய நம்பிக்கை உண்டு.

ஓசூர்:

நான் ராஜஸ்தான் போனேன். ஜோத்பூர்க் கோட்டையை எல்லாரும் அண்ணாந்து பார்க்க, நான் அதன் அடிவாரத்தைப் பார்த்தேன். கோட்டை நிற்பது எரிமலைக் கல்லின் மேல், மாலானி எனப்படும் ரையோலைட். வயது 75 கோடி ஆண்டு அளவில். அதன் மேல் நேராகச் செம்மணற்கல் வந்து உட்கார்கிறது. தேய்ந்துபோன எரிமலைத் தரைமேல் மணல் வந்து படிந்த கோடு அது.

ஊத்தங்கரை நண்பருக்கு ஒரு செய்தி. ஏறக்குறைய அதே காலத்தில், 70–80 கோடி ஆண்டுகளுக்கு முன், உங்கள் சாமல்பட்டியிலும் ஏலகிரியிலும் பூமி பிளந்து சையனைட் (syenite) என்ற கல் குழம்பாக மேலே வந்திருக்கிறது. சாமல்பட்டியில் அதோடு கார்பனடைட்டும் உண்டு, அதாவது சுண்ணாம்புக் கல்லின் சரக்கே குழம்பாக உருகி வந்து உறைந்த கல். ஒகேனக்கல் பக்கம் இருக்கிற கார்பனடைட் இன்னும் பழசு, 240 கோடி ஆண்டு. உலகத்தில் அபூர்வமான கல், நம் இரண்டு மாவட்டத்திலும் இருக்கிறது. ரயிலில் சாமல்பட்டி ஸ்டேஷனைத் தாண்டும்போது ஒரு தடவையாவது ஜன்னல் பக்கம் திரும்புங்கள்.

காவேரிப்பட்டணம் வாத்தியார்:

எழுதிய எல்லாருக்கும் நன்றி. அரூர் அம்மா, அந்தக் காந்த விளையாட்டை இந்தத் தடவை பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறேன். ஓசூர் சார் சொன்ன கார்பனடைட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வழி: வெள்ளையாகத் தெரிகிற குவார்ட்ஸைப் பார்த்து அதுதான் என்று நினைத்துவிட வேண்டாம். துண்டைக் கொஞ்சம் பொடித்து எலுமிச்சைச் சாறு விடுங்கள். கால்சைட் நுரைக்கும், குவார்ட்ஸ் சும்மா இருக்கும்.

அப்புறம், ஓடுகிற குவாரிக்குள் அனுமதி இல்லாமல் யாரும் இறங்காதீர்கள், வெடி வைக்கிற இடம். மல்லசந்திரத்தில் இருக்கிற பழங்கால ஈமச் சின்னமான கல்திட்டையிலும், வயலோரத்து நடுகல்லிலும் எந்தக் காரணத்துக்கும் சுத்தியல் படக் கூடாது. என்ன கல் என்று தெரிய வேண்டுமானால் பக்கத்துப் பாறையில் உதிர்ந்த சில்லு ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டு வாருங்கள்.