மறுமொழி: ஓல்ட் யூரோப்பியன் கட், ரவுண்ட் பிரில்லியன்ட் – தமிழ்ல என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம கலைச்சொல் பட்டியலுக்காக, வைரத்துக்குப் பட்டை தீட்டற ரெண்டு வட்டப் பாணிங்களான ஓல்ட் யூரோப்பியன் கட், ரவுண்ட் பிரில்லியன்ட் ரெண்டுக்கும் "பழைய ஐரோப்பிய வெட்டு", "நவீன வட்ட வெட்டு"ன்னு பேரு வெச்சு முடிச்சுட்டு அடுத்த சொல்லுக்குப் போயிடலாம்னு ஐயா எழுதியிருந்தாங்க. எனக்கு மனசு ஒப்பல. கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

மொதல்ல அந்த 'பழைய'. நகைக்கடையில பழசுன்னா என்னன்னு நமக்கெல்லாம் தெரியும், சேதாரம் கழிச்சு எடுத்துக்கற சரக்கு. பாட்டியோட தோட்டைக் கொண்டுபோய்க் காட்டினா "கட்டிங் பழசும்மா, லைட் அடிக்காது, புதுசா பட்டை தீட்டிடலாம்"னு சொல்லிடறாங்க. தீட்டினா எடை குறையும், குறைஞ்சது குறைஞ்சதுதான். கல்லுல ஒரு குத்தமும் இருக்காது, பேர்ல இருக்கற பழசே அதைக் குத்தமாக்கிடுது. அதுவும் இல்லாம இப்ப அதே பாணியில புதுசாவே தீட்டி விக்கிறாங்க, போன மாசம் தீட்டின கல்லையும் பழைய வெட்டுன்னு சொல்லுவோமா? வயசு வேற, வடிவம் வேற, கலைச்சொல் வடிவத்தைத்தான் காட்டணும்.

'வெட்டு'ம் எனக்கு ஒட்டல. வைரத்தை ரம்பம் வெச்சு ரெண்டா அறுக்கறது வெட்டு, சரி. ஆனா கல்லுக்கு மொகம் மொகமா வைக்கிற வேலைக்கு நம்மகிட்ட 'பட்டை தீட்டறது'ன்னு புழக்கத்துல இருக்கற சொல்லே இருக்கு, திருச்சியில செயற்கைக் கல் தொழில் பண்றவங்க வரைக்கும் அதைத்தான் சொல்றாங்க. அதுக்காக 'தீட்டு'ன்னு பெயர்ச்சொல்லாக்கிடலாம்னு அக்கா சொன்னதை மட்டும் வேண்டாம்னு கேட்டுக்கறேன், வீட்டுல அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தம், கல்யாணத்துக்கு வைரம் வாங்க வந்தவங்க காதுல விழவே கூடாது. 'பட்டை' போதும். பட்டை, கிராம்புலயும் அந்தப் பட்டை வருதேன்னு ஒருத்தர் கேட்டிருந்தார், இடத்தை வெச்சுப் புரியும்.

சரி, ரெண்டு கல்லுக்கும் வித்தியாசம் எங்க இருக்கு? 10 மடங்கு லென்ஸ் எடுத்து மேல இருந்து பாருங்க. ஓல்ட் யூரோப்பியன்ல நடுவுல ஒரு குட்டி வட்டம் தெரியும், நெறைய பேர் அதை ஓட்டைன்னு பயந்துடறாங்க, கல்லோட அடி நுனி உடைஞ்சிடக் கூடாதுன்னு அங்க ஒரு சின்னப் பட்டை வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். அதைச் சுத்தி சதுரங்கக் கட்டம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமா அகலமான பாளங்கள். கல்லை லேசா சாய்ச்சா ஒரு பாளம் முழுசா பளிச்சுனு எரிஞ்சு அணையும், அப்புறம் பக்கத்துப் பாளம். மேசை (மேல இருக்கற பெரிய பட்டை) சின்னது, முடி (கல்லோட மேல் பாகம்) உயரம், அதனால விளக்கு வெளிச்சத்துல சிவப்பு, நீலம்னு நிறம் பிரிஞ்சு வர்றது கண்ணுக்கு நல்லாத் தெரியும். நவீன வட்டத்துல அடிப்பக்கம் இருக்கற அரைப்பட்டைங்க (நடு விளிம்புல இருந்து எறங்கற சின்னப் பட்டைங்க) நுனியை நோக்கி முக்கால் தூரத்துக்கும் மேல நீண்டிருக்கும், அதனால தாய்ப்பட்டைங்க (அடிப்பக்கத்து முக்கியப் பட்டைங்க) ஒடுங்கிப் போய் எட்டு அம்பு மாதிரி தெரியும், ஒளி பொடிப்பொடியா சிதறும். ரெண்டுலயும் பட்டை எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒண்ணுதான், 57, நுனிப்பட்டையைச் சேர்த்தா 58. ஆக வித்தியாசம் எண்ணிக்கையில இல்ல, அகலத்துலதான்.

அதான் என் பரிந்துரை: ஓல்ட் யூரோப்பியனுக்கு 'அகலப்பட்டை வட்டம்', மாடர்ன் ரவுண்ட் பிரில்லியன்ட்டுக்கு 'கூர்பட்டை வட்டம்'. லென்ஸ் வெச்சுப் பாக்கற யாரும் பேரைக் கேட்டதுமே கல்லை அடையாளம் கண்டுக்கலாம்.

ஓல்ட் மைன் கட்டுன்னு இன்னொண்ணு இருக்கே, அதை 'பழைய சுரங்க வெட்டு'ன்னு போட்டா சுரங்கத்தையே வெட்டின மாதிரி ஆயிடும். தென்னாப்பிரிக்கக் கல் வந்து குவிஞ்ச பிறகு, அதுக்கு முன்னாடி பிரேசில்லயும் இந்தியாவுலயும் தோண்டின சுரங்கங்களை வெச்சு வந்த பேரு அது. வடிவம்னு பாத்தா மூலை மழுங்கின சதுரம், கையாலேயே ஒரு வைரத்தை இன்னொரு வைரத்துல தேய்ச்சு உருவாக்கினதால கல் எப்படிக் கெடச்சுதோ அந்தப் போக்குலயே விட்டிருப்பாங்க. 1870-கள்ல பாஸ்டன்ல ஹென்றி மோர்ஸோட பட்டறையில இந்தத் தேய்ப்புக்கு இயந்திரம் வந்தப்புறம்தான் சீரான வட்டம் சுலபமாச்சு. ஓல்ட் மைனுக்கு 'திண்டுப்பட்டை'ன்னு சொல்லலாம், திண்டு நம்ம வீட்டுப் பொருள்தான்.

வைரத் தொழில் குடும்பத்துல வந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919-ல கணக்குப் போட்டு மேசை கல்லோட விட்டத்துல 53 சதவீதம், மேல் கோணம் 34.5 டிகிரி, கீழ் கோணம் 40.75 டிகிரின்னு எழுதினார், கூர்பட்டையோட அடிப்படை அதுதான். அதுக்கும் அகலப்பட்டைக்கும் நடுவுல 1920-கள்ல இருந்து வந்த, ரெண்டு பாணியும் கலந்த கல்லுங்களுக்கு 'இடைப்பட்டை' போதும், அதுல சண்டை வேண்டாம்.

கடையில குழப்பம் வர்ற இன்னொரு இடம் ப்ளூ ஜாகர். நம்ம வீடுகள்ல ஏழு கல் தோடுன்னாலே ப்ளூ ஜாகர்தான் உசத்தின்னு பேச்சு. அது தென்னாப்பிரிக்கா ஜாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்தோட பேரு, 1971-ல மூடிட்டாங்க, அந்தச் சுரங்கத்துக் கல்லோட நீலம் பாய்ஞ்ச வெள்ளைக்கு ஆன பேரு. அது நிறம், பட்டைக்குச் சம்பந்தமே இல்ல. நம்ம பட்டியல்ல ரெண்டையும் தனித்தனி தலைப்புல போட்டே ஆகணும். குத்தங்களுக்குப் பாருங்க, காகபாதம், களங்கம், விந்து, ஏகைன்னு சிலப்பதிகாரத்துலயே நாலு சொல் தயாரா இருக்கு, பட்டை வகைக்குத்தான் நமக்கு வறட்சி.

எதை வாங்கறதுன்னு கேட்ட தங்கச்சிக்கும் இங்கேயே சொல்லிடறேன். ஒரே எடையில கூர்பட்டை பெருசாத் தெரியும், 1 கேரட்னா சுமார் 6.5 மில்லிமீட்டர் விட்டம் வரும், அகலப்பட்டையில எடை ஆழத்துல ஒளிஞ்சிருக்கும். பட்டை எவ்வளவு நேர்த்தின்னு சொல்ற கட் கிரேடு இல்லையேன்னு அகலப்பட்டையை ஒதுக்காதீங்க, அமெரிக்க ரத்தினச் சோதனை நிறுவனமான ஜிஐஏ 2006-ல கொண்டுவந்த அந்த கிரேடு நவீன வட்டத்துக்கு மட்டும்தான், இதுக்குத் தரவே மாட்டாங்க, அதனால கண்ணால பாத்துதான் வாங்கணும். கடை ஸ்பாட்லைட்டுக்கு அடியில பாத்து முடிவெடுக்காம ஜன்னல் ஓரம் ஒரு தடவை, மங்கின வெளிச்சத்துல ஒரு தடவை பாருங்க, விளிம்பு மெலிசா இருந்தா சில்லு பேர்ந்திருக்கான்னு லென்ஸ்ல சுத்திப் பாருங்க. மூக்குத்திக்குக் கூர்பட்டை, சாயந்திர விசேஷத்துக்குப் போட்டு நீங்களே கையில பாத்து ரசிக்கற மோதிரத்துக்கு அகலப்பட்டை, இது என் ருசி.

பாக்கி இருக்கறது உறுப்புப் பேருங்க. மேல் பாகம் முடி, மேல இருக்கற பெரிய பட்டை மேசை, அடி நுனியில இருக்கறது நுனிப்பட்டை, கீழ் பாகம் கூம்புன்னு வெச்சிருக்கேன். நடு விளிம்புக்கு 'மேகலை'யா 'இடை'யான்னு முடிவாகல. எனக்கு மேகலை பிடிச்சிருக்கு, ஆனா பட்டறையில வாய்க்கு வருமான்னு தொழில்ல இருக்கறவங்கதான் சொல்லணும், ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதினா பட்டியல்ல ஏத்திடறேன்.