வார்டை விட்டு ஊருக்குள் வந்த நர்சுகளே, உங்கள் முதல் மாதம் எப்படி இருந்தது?

தொடங்கியவர், சிவகங்கை மாவட்டம்

பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் 14 மாதம் ஐ.சி.யூ.வில் இருந்தேன். இப்போது துணை சுகாதார நிலையத்தில் எம்.எல்.எச்.பி., அதாவது இடைநிலை சுகாதாரப் பணியாளர். வந்து ஆறு வாரம் ஆகிறது. அங்கே என்னைக் கெட்டிக்காரி என்பார்கள். இங்கே முதல் வாரமே அது போய்விட்டது.

வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பட்டியலில் ஒரு ஆத்தா. மாதாமாதம் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை வாங்கியதாகப் பதிவேட்டில் டிக் இருக்கிறது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 318. வார்டாக இருந்தால் டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டிருப்பேன், ஒரு மணி நேரத்தில் மறுபடி பார்த்திருப்பேன். ஆத்தாவோ ஆட்டுக்குட்டியைப் பிடித்துக் கட்டிக்கொண்டே, "அம்புட்டுத்தானா தாயி? போன தடவ 340 இருந்துச்சே" என்கிறார்.

மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டேன். "போடுறேனே" என்றார். அதற்கு மேல் என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. கூட வந்த கிராம சுகாதார செவிலியர் அக்காதான், "எங்க வச்சிருக்கீக, எடுங்க பாப்போம்" என்றார். அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பை. அதில் பிரிக்காத அட்டைகள் ஒன்பது.

விஷயம் இதுதான். ஆத்தா விடிந்ததும் நூறு நாள் வேலைக்குக் கிளம்புகிறவர். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டுகிறது. வேலை இடத்தில் வயிறு கலக்கினால் ஒதுங்க மறைவு இல்லை. அதனால் நிறுத்திவிட்டார். மாத்திரை கொண்டுவரும் பெண் மனசு கோணக்கூடாதே என்று வாங்கி மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்! ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் பேசி, சோறு தின்ற கையோடு போடும்படி நேரத்தை மாற்றினோம். மூன்று வாரம் கழித்து 214. இன்னும் அதிகம்தான்.

ஐ.சி.யூ.வில் நான் கையெழுத்துப் போட்டால் மருந்து உடம்புக்குள் போய்விட்டது என்று பொருள். இங்கே டிக் என்றால் அட்டை வீட்டுக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பையைத்தான் கேட்கிறேன்.

உங்களுக்கெல்லாம் எப்படி? ஐவி (நரம்பில் ஊசி) போடுகிற கை மறந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

ஜவ்வாது மலைப் பக்கம், ஆண் செவிலியர்

நான் இதே மாதிரி ஒரு தப்பு செய்தேன், சொல்லவே கூச்சம். காசநோய்க்கு மாத்திரை ஆரம்பித்த ஒருவர், நாலாம் நாளே நிறுத்திவிட்டார். வீட்டுக்குப் போனால் இல்லை என்று சொல்லி அனுப்புவார்கள். மூன்று தடவை ஏறி இறங்கினேன். கடைசியில் டீக்கடையில் மாட்டினார். "சார், ஒண்ணுக்கு ரத்தமா போகுது, இந்த மாத்திரை என்னைக் கொன்னுடும்" என்றார். ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர் ஆரஞ்சுச் சிவப்பாக வரும், பயப்பட வேண்டாம் என்று நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். வார்டில் நோயாளி பயந்தால் மணியை அடிப்பார், நாம் ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம். மலையில் யாரைக் கூப்பிடுவார்?

இன்னொன்றையும் அன்றுதான் சொன்னார். பையும் அடையாள அட்டையுமாக நான் வாசலில் நிற்பதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்களாம். அப்புறம் ஆறு மாதமும் அந்த டீக்கடையில்தான் சந்தித்தோம். டீ காசு நான்தான் கொடுத்தேன், அதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது!

கிராம சுகாதார செவிலியர், 22 வருட சர்வீஸ்

ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். ஊசி அழகாகப் போடுவார்கள், தடுப்பூசிப் பெட்டி கட்டத் தெரியாது. ஒரு பாப்பா, புதன்கிழமை தடுப்பூசிக்கு ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே பெட்டிக்குள் அடுக்கிவிட்டாள். குளிராக இருந்தால் நல்லதுதானே அக்கா என்கிறாள். குழந்தைகளுக்குப் போடுகிற பென்டாவாலன்ட் தடுப்பூசி உறைந்தால் வீண். பார்ப்பதற்கு நல்ல மருந்து மாதிரியே இருக்கும், வேலை செய்யாது. ஐஸ் பேக்கை வெளியே வைக்கணும், வேர்க்கணும், காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணி சலசலக்கணும். அப்புறம்தான் பெட்டிக்குள் போகணும். மருந்து உறைவதற்குள் எடுத்து மாற்ற நேரம் இருந்தது, நல்லவேளை.

தங்கச்சி, ஐவி போடுகிற கை மறக்காது. கொஞ்சம் தடுமாறும், நாலு தடவை போட்டால் வந்துவிடும். ஆனால் ஒரு வருடமாவது வார்டில் நின்றுவிட்டு வந்தது நல்லது என்றுதான் சொல்வேன். பிரசவ வலியில் ஒருத்திக்கு ரத்தம் அதிகமாகப் போகும்போது, 108 வருகிற வரைக்கும் பதறாமல் இருக்க அந்தப் பழக்கம் வேண்டும். சம்பளம் பற்றி நான் பேசவில்லை, பேசினால் இந்த இடம் பத்தாது.

தொடங்கியவர்

அக்கா, ஐஸ் பேக் விஷயம் எனக்கும் தெரியாது. நாளைக்குப் புதன்கிழமை. எவ்வளவு நேரம் முன்னால் வெளியே எடுத்து வைக்க வேண்டும்?

கிராம சுகாதார செவிலியர்

மணி பார்க்காதே, வெயில் காலத்துக்கு ஒரு கணக்கு, மார்கழிக்கு ஒரு கணக்கு. ஆட்டிப் பார்.