ரயில் ஓடியும் சராசரி 0 எப்படி? அவசரம், நாளை மகளுக்கு டெஸ்ட்

செம்பூர் அம்மா:
ரயில் 40-ல் போய் 60-ல் திரும்புகிறது. சராசரி என்ன? நான் 50 என்றேன், புத்தகத்தில் 0 என்று இருக்கிறது. ரயில் ஓடவே இல்லையா? சீக்கிரம் சொல்லுங்களேன்.

தாதர் ஃபாஸ்ட்:
எங்கிருந்து எங்கே அக்கா? கேட்டது வெறும் வேகமா, திசையும் சேர்ந்த திசைவேகமா?

முலுண்டு மாமா:
இரண்டு ரயில் கணக்கு போலிருக்கிறது. எதிரெதிரே வந்தால் சார்புத் திசைவேகம் (ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது ஓடுவது) 100, ஒரே திசையில் போனால் 20. பக்கத்துத் தடத்தில் முந்துகிற ஃபாஸ்ட் லோக்கல் மெதுவாக நகர்வதாகத் தெரிவது அதனால்தான்.

தாதர் ஃபாஸ்ட்:
இரண்டு ரயில் என்று யார் சொன்னது மாமா?

பழைய பென்ச்:
கேள்வியைப் பாதி போட்டு பதிலை முழுதாகக் கேட்பது இங்கே வழக்கமாகிவிட்டது. இடப்பெயர்ச்சி (கிளம்பிய இடத்திலிருந்து சேர்ந்த இடத்துக்கு நேர்க்கோட்டுத் தூரம், திசையோடு) தெரியாமல் இந்தப் பாடத்தைத் தொடவே கூடாது.

செம்பூர் அம்மா:
மும்பை சிஎஸ்எம்டி ஸ்டேஷன் - தாணே 34 கிமீ, திரும்ப சிஎஸ்எம்டி. நடுவில் நிற்காது. சராசரி வேகம் 48, சராசரி திசைவேகம் 0 என்று விடை. 48-ம் புரியவில்லை.

தாதர் ஃபாஸ்ட்:
இதை முதலிலேயே போட்டிருக்கலாம் அக்கா :) போக 51 நிமிடம், வர 34 நிமிடம். ஆக 68 கிமீ, 85 நிமிடம். மணிக்கு 48 வரும். 40-ல்தான் அதிக நேரம் ஓடுகிறது, அதனால் 50 வராது. திசைவேகத்துக்கு ஓடிய தூரம் கணக்கில்லை, இடப்பெயர்ச்சிதான். கிளம்பிய இடத்துக்கே வந்தாச்சு, அது 0. போகும் பயணம் மட்டும் என்றால் தாணே நோக்கி 40.

முலுண்டு மாமா:
40 வராது. தண்டவாளம் வளைந்து போகிறது, நேர்க்கோட்டில் அளந்தால் 34-க்குக் குறைவு.

தாதர் ஃபாஸ்ட்:
ஒன்பதாம் வகுப்பு மாமா, விடுங்கள்.

செம்பூர் அம்மா:
நடுவில் காட்கோபர் ஸ்டேஷனைத் தாண்டும் நொடியிலும் 0-வா என்று மகள் கேட்கிறாள்.

பழைய பென்ச்:
இல்லை. அது கணநேரத் திசைவேகம். மோட்டார்மேன் முன்னால் மீட்டர் காட்டும் எண், கூடவே திசை. போகும்போது +40, வரும்போது -60. உங்கள் மகள் உங்களைவிடச் சரியாகக் கேட்கிறாள்.

மாட்டுங்கா ரவி:
1853 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் முதல் ரயில் ஓடியதும் இதே தாணேவுக்குத்தான்!

முலுண்டு மாமா:
முதல் பயணிகள் ரயில் என்று சொல்லுங்கள். சென்னை செங்குன்றம் பாதை 1837.

மாட்டுங்கா ரவி:
அது கல் ஏற்றிய வண்டி, கணக்கில் வராது.

முலுண்டு மாமா:
ஏன், கல்லுக்கு இடப்பெயர்ச்சி கிடையாதா?

செம்பூர் அம்மா:
48, 0 இரண்டும் அவளே போட்டுவிட்டாள். நன்றி தம்பி.

பழைய பென்ச்:
ரயில் வரலாற்றுக்குத் தனி இழை திறக்கவும்.