வெய்ன் தீபோ பாணி மரக்கட்டை அச்சு: பின்புலம் புள்ளியடிக்கிறது, நிழலில் கோடு விழுகிறது

கேள்வி – உளியும்கட்டையும்
அமெரிக்க ஓவியர் தீபோவின் ‘டார்க் கேக்’ (1983) மரக்கட்டை அச்சு மாதிரி ஒரு கேக், பக்கத்தில் நிழல், வெறும் பின்புலம். ஷினா (ஜப்பானிய மென்மரம்) ஒட்டுப்பலகை, குழாய் வாட்டர்கலர், கோஸோ (மரப்பட்டை நாரில் செய்த ஜப்பானிய) தாள். பின்புலம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். நிழல் மங்க வேண்டிய இடத்தில் கோடாக நிற்கிறது. எங்கே தப்பு?

மறுமொழி – நீர்வண்ணம்
புள்ளிக்குக் காரணம் பெரும்பாலும் பசைக் குறைவு அல்லது தாள் காய்ந்திருப்பது. அரிசி மாவுப் பசையைத் தயிர் பதத்துக்குக் காய்ச்சுங்கள். கட்டையில் நிறத்தோடு பட்டாணி அளவு பசை வைத்து, குதிரைமயிர் பிரஷால் எல்லாப் பக்கமும் தேய்த்துப் பரப்புங்கள். கடைசி இழுப்பு மர ரேகையோடு போகட்டும். பசை மிஞ்சினால் தாள் கட்டையில் ஒட்டி நார் பிய்யும். பெரிய பரப்புக்கு பரேனை (தாளின் முதுகைத் தேய்க்கும் வட்டத் தட்டு) உடம்பின் எடை முழுதும் இறங்க அழுத்த வேண்டும். ஷினா புதிதாக இருந்தால் முதல் சில தாள்களின் நிறத்தைக் குடித்துவிடும்; அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மறுமொழி – பொகாஷிபிரியை
நிழலுக்கு பொகாஷிதான் (நிறத்தைப் படிப்படியாக மங்க வைக்கும் முறை) வழி. நிறம் மங்க வேண்டிய பட்டையை முதலில் ஈரத்துணியால் துடையுங்கள். அகலப் பிரஷின் ஒரு மூலையில் மட்டும் நிறம், மறு மூலையில் தண்ணீர். பிரஷைத் திருப்பாமல் ஒரே கோட்டில் இப்படியும் அப்படியும் இழுத்து, உடனே அச்சிடுங்கள். கோடு விழுவது தண்ணீர் போதாததால். தண்ணீர் கூடினால் நிறம் வெட்டின பள்ளத்தில் இறங்கி ஓரத்தில் தேங்கும். ஒரே அடியில் அடர்த்தி தேடாதீர்கள். நீர்த்த நிறத்தில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் பட்டையைச் சற்று நகர்த்தி அடித்தால் கோடு கரைந்துவிடும்.

‘டார்க் கேக்’கையும் ‘கேண்டி ஆப்பிள்ஸ்’ (1987) படத்தையும் அமெரிக்க அச்சுப்படப் பதிப்பகமான கிரவுன் பாயின்ட் பிரஸுக்காகக் கியோட்டோவில் அச்சிட்டவர் தடாஷி தோதா. அந்த நிழல்களில் ஓவியருக்கு உள்ள பங்கு அச்சுக்காரரின் கைக்கும் உண்டு. அவர் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உளியும்கட்டையும்
நன்றி. நான்காவது நிறத்துக்கான கட்டையில் கேக்கின் ஓரம் விலகுகிறதே?

மறுமொழி – நீர்வண்ணம்
தாள் நடுவில் காய்ந்து சுருங்குகிறது. ஒன்றுவிட்டு ஒரு தாளை நனைத்து அடுக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றி இரவு முழுக்க வையுங்கள். அச்சிடும்போதும் அடுக்கை மூடியே வைத்திருங்கள். சின்ன வடிவங்களை முதலில் அடித்து, பின்புலத்தைக் கடைசியில் அடியுங்கள், பெரிய பரப்பின் ஈரம் தாளை இழுக்கும். கென்தோவில் (தாளைப் பொருத்தக் கட்டையில் வெட்டும் அடையாளம்) வலது மூலையை முதலில் பொருத்தி, பிறகு இடப்பக்க நேர்வெட்டில் தாளை இறக்குங்கள். நிறம் ஓரம் தாண்டிக் கசிந்தால் தாளுக்குப் படிகாரமும் வஜ்ரப் பசையும் கலந்த பூச்சு தேவை. படிகாரம் கூடினால் தாள் நாளடைவில் மஞ்சளாகி நொறுங்கும்.