ஒரே ராத்திரியில் ரெண்டு 2:30: பில் ரெண்டு தடவை போயிடுச்சு, உதவுங்க

புதுசா_வந்தவன்: அண்ணன்மாரே, அக்காமாரே, அவசரம். பெர்லின் வந்து ரெண்டு மாசம்தான், ப்ரோபட்சைட் (வேலையில தகுதிகாண் காலம்) முடியல. ஞாயிறு அதிகாலை சர்வர்ல தானா ஓடின ஜாப் எல்லாக் கஸ்டமருக்கும் பில்லை ரெண்டு தடவை அனுப்பிடுச்சு. கோட்ல யாரும் கை வைக்கல. லாக்ல ரெண்டுமே 02:30. எப்படி?

கிரான்_காளி: அக்டோபர் கடைசி ஞாயிறு தம்பி. 3 மணி அடிச்சதும் கடிகாரம் 2க்குத் திரும்பும். யூடிசியில (கோடை-குளிர்னு மாறாத உலகப் பொது நேரம்) பார்த்தா முதல் 2:30 வந்தது 00:30, ரெண்டாவது 01:30. ஆனா டெபியன் லினக்ஸோட கிரான்ல (குறிச்ச நேரத்துக்கு ஜாப் ஓட்டுற புரோகிராம்) '30 2 * * *', அதாவது தினம் 2:30னு போட்டிருந்தா மறுபடி ஓடியிருக்காது, அது இந்த மாற்றத்தைக் கவனிச்சுக்கும். எதுல ஓட்டுற?

வேலை_விசா: அதை விடுங்க. ப்ரோபட்சைட்ல 2 வார நோட்டீஸ்ல அனுப்பிடலாம். வேலை போனா 2 வாரத்துக்குள்ள ஆஸ்லேண்டர்பெஹோர்டேக்கு (வெளிநாட்டவர் அலுவலகம்) சொல்லணும். ரொம்பச் சின்ன கவனக்குறைவுக்கெல்லாம் ஊழியர்கிட்ட நஷ்டம் வசூலிக்க முடியாது, பயப்படாதே.

எல்லாம்_யூடிசி: சர்வர், டேட்டாபேஸ், ஷெட்யூலர் எல்லாத்தையும் யூடிசிக்கு மாத்து. தீர்ந்தது.

கணக்கு_அக்கா: எங்க தீர்ந்தது? ஜூலை 1 ராத்திரி 00:30க்கு வந்த ஆர்டர் யூடிசியில ஜூன் 30, 22:30. போன மாசப் பில்லுல போய் உட்காரும். நடந்த நேரத்தை யூடிசியில வை, மாச எல்லையை 'யூரோப்/பெர்லின்' வச்சு வெட்டு. குளிர்கால வித்தியாசமான '+01:00'ஐ கோட்ல நிரந்தரமா எழுதினா கோடை முழுக்கத் தப்பு.

மூனிக்_மாமா: 2019லயே ஐரோப்பிய நாடாளுமன்றம் இந்தக் கடிகாரம் மாத்துற கூத்தை ஒழிக்க ஓட்டுப் போட்டுச்சு. அரசாங்கங்கள் ஒத்து வரல. நம்ம ஊர்ல வருஷம் பூரா யூடிசிக்கு 5:30 மணி முன்னாடி, நிம்மதி.

தூக்கம்_போச்சு: அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறுதான் மாத்தும் மாமா. அதுவரைக்கும் அவங்களோட மீட்டிங்கெல்லாம் ஒரு மணி இடிக்கும். சென்னையோட நேர வித்தியாசம் 3:30 மணி இருந்தது 4:30 ஆயிடும்.

புதுசா_வந்தவன்: கிரான் இல்ல அண்ணா. ஆப்புக்குள்ளயே ஒரு லூப், நிமிஷத்துக்கு ஒருதரம் மணி 02:30ஆன்னு பார்க்கும். ரெண்டு பில்லுக்கும் வேற வேற எண். கஸ்டமர் அக்கவுண்ட்ல இருந்து பணம் எடுக்கச் சொல்ற செப்பா ஃபைல் இன்னும் பேங்குக்குப் போகல.

கணக்கு_அக்கா: இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா! முதல்ல செப்பா ஃபைலை நிறுத்து. போயிட்டா கஸ்டமர் 8 வாரம் வரைக்கும் பணத்தைத் திருப்பி எடுக்கலாம், ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் பேங்க் சார்ஜ் வேற. ரெண்டாவது பில்லை டேட்டாபேஸ்ல டெலீட் பண்ணிடாதே. இங்க பில் எண்ணை அழிச்சு மறைக்கக் கூடாது, ஒவ்வொண்ணுக்கும் ஸ்டோர்னோரெஷ்னுங் (ரத்து பில்) போடணும். இல்லேன்னா ரெண்டாவது பில்லுல காட்டின வரியையும் கம்பெனி கட்ட வேண்டி வரலாம். புக்ஹால்டுங் (கணக்குப் பிரிவு) ஆளுங்ககிட்ட இன்னிக்கே சொல்லிடு.

கிரான்_காளி: கோடுக்கு: கஸ்டமர் ஐடி, பில் மாசம் ரெண்டும் சேர்த்து ஒரு யூனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் (ஒரே ஜோடி ரெண்டு தடவை ஏறாதபடி டேட்டாபேஸ் விதி). போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்ல 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்', ஏற்கெனவே இருந்தா சும்மா விட்டுடும். புது ரோ டேபிள்ல விழுந்தா மட்டும் பில் மெயில். ஜாப் பத்து தடவை ஓடினாலும் பில் ஒண்ணுதான். நேரத்தை 04:30க்குத் தள்ளு. மார்ச் கடைசி ஞாயிறு 2:30ங்கிறதே கிடையாது, உன் லூப் அன்னிக்குச் சத்தமில்லாம ஓடாமப் போயிடும். கடிகாரத்தை 2025 அக்டோபர் 26, 2026 மார்ச் 29 ரெண்டுக்கும் வச்சு டெஸ்ட் எழுது. லாக்ல நேரத்தோட ஆஃப்செட்டும் (யூடிசியோட வித்தியாசம்) விழட்டும்.

புதுசா_வந்தவன்: செப்பா நிறுத்தியாச்சு அக்கா. 04:30 மாத்தி புல் ரெக்வஸ்ட் (மாத்தின கோடைச் சேர்க்கக் கேட்டு) போட்டிருக்கேன். கன்ஸ்ட்ரெய்ன்ட் ஏற மாட்டேங்குது, டூப்ளிகேட் இருக்குன்னு எர்ரர்.

கிரான்_காளி: இருக்கத்தானே செய்யும். ஸ்டோர்னோ ஆனதை 'வேர்' நிபந்தனை போட்டு ஒதுக்கி, மிச்சத்துக்கு மட்டும் பொருந்துற பார்ஷியல் யூனிக் இண்டெக்ஸா வை. 'ஆன் கான்ஃப்ளிக்ட்'ல காலம் பேரைக் குறிப்பிட்டா அங்கயும் அதே 'வேர்' வரணும், மறந்துடாதே.