பேட்ச் ஜொப் டெஸ்ட்: லாப்டொப்பில் பாஸ், சிஐ சேர்வரில் ஃபெயில்

கல்லடிப்பாலம்:

வணக்கம். பெரும்போக மழை தொடங்க முதல் ஒழுங்காக்க வேண்டிய பேட்ச் ஜொப் (நிறைய வேலையை ஒரே ஓட்டத்தில் தானாகச் செய்யும் புரோகிராம்) ஒன்று. ஜாவா 17, ஸ்பிரிங் பூட் 3, ஸ்பிரிங் பேட்ச் 5, ஜேயூனிட் 5, வயர்மொக் 3 (டெஸ்டில் வெளிச் சேவைபோல் பதில் தரும் போலிச் சேர்வர்). முதல் ஸ்டெப் வாகரை தொடக்கம் பொத்துவில் வரையான ஊர்ப்பட்டியலை வாசித்து, ஒவ்வொரு ஊருக்கும் நாளைய மழை எவ்வளவு என்று வெளி வானிலைச் சேவை ஒன்றிடம் கேட்டு டேபிளில் எழுதும். இரண்டாவது ஸ்டெப், 50 மில்லிமீற்றருக்கு மேல் வரும் ஊர்களின் விவசாயிகளுக்குத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பும். சங்க் (ஒரே தரத்தில் சேர்த்துச் செயலாக்கி எழுதும் தொகுதி) அளவு 10. டெஸ்ட் தொடங்கும்போது வயர்மொக் சேர்வரை நானே கோடில் ஸ்டார்ட் பண்ணுகிறேன்.

சிக்கல் நான்கு. லாப்டொப்பில் எந்நேரமும் பாஸ் ஆகும் டெஸ்ட், சிஐ சேர்வரில் (டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் பொதுச் சேர்வர்) நள்ளிரவு தாண்டி ஓடினால் விழுகிறது. பகலில் ஓட்டினால் பாஸ். ஒரே கிளாஸில் இரண்டு டெஸ்ட் இருந்தால் இரண்டாவது, ஜொப் இன்ஸ்டன்ஸ் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்ற எக்செப்ஷனோடு நிற்கிறது. ஊர்ப்பெயரைத் தமிழில் அனுப்பும் டெஸ்ட் பாஸ் ஆகிறது, ஆனால் டேபிளைப் பார்த்தால் ஒரு வரியும் இல்லை. கடைசியாக, சேவை 503 (இப்போது சேவை இல்லை என்ற பதில்) தந்தால் மொத்தம் 3 தரம் முயல வேண்டும் என்று ரீட்ரை லிமிட் 3 கொடுத்திருக்கிறேன். வயர்மொக் 6 அழைப்பு வந்ததாகக் காட்டுகிறது. அந்த டெஸ்டில் ஊர் ஒன்றுதான். இந்த ஆறு எங்கிருந்து வருகிறது?

சம்மாந்துறை வயல்:

முதலாவது நேர வலயம். சிஐ சேர்வர்கள் பெரும்பாலும் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடும். நமது நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தி. ஆகவே இங்கே நள்ளிரவு 12 தொடக்கம் காலை 5:30 வரை அந்தச் சேர்வருக்கு இன்னும் நேற்றைய திகதிதான். ஸ்டப்பில் (எந்த அழைப்புக்கு என்ன பதில் என்று வயர்மொக்குக்குச் சொல்லிவைப்பது) நீங்கள் கொழும்பு வலயத்தில் திகதி கணித்து, ஜொப் உள்ளே வலயம் சொல்லாமல் 'லோக்கல்டேட் நவ்' கேட்டால் அந்த ஐந்தரை மணித்தியாலமும் யூஆர்எல் பொருந்தாது. லாப்டொப்பில் இரண்டுமே கொழும்பு நேரம் என்பதால் பிழை மறைந்து நிற்கிறது.

ஜாவாவின் 'க்ளொக்' ஒப்ஜெக்டை ஜொப்புக்கு வெளியிலிருந்து கொடுங்கள். டெஸ்டில் அதை 2024 டிசம்பர் 31, யூடிசி 20:00 என நிறுத்தி வையுங்கள். அப்போது இங்கே 2025 ஜனவரி 1 அதிகாலை 1:30. நாளும் மாதமும் ஆண்டும் சேர்ந்து மாறும் இடம். ஜேவிஎம்முக்கு யூசர் டைம்சோன் யூடிசி என்று கொடுத்து ஓட்டினால் சிஐயில் வரும் தோல்வி லாப்டொப்பிலும் அப்படியே வரும்.

பழைய மழைத் தரவையும் ஏற்றப் போகிறீர்கள் என்றால் +5:30 என்று கையால் எழுத வேண்டாம். 1996 மே மாதம் இலங்கை நேரம் +6:30 ஆனது, அதே ஆண்டு ஒக்டோபரில் +6:00 ஆனது, 2006 ஏப்ரலில்தான் +5:30க்குத் திரும்பியது. 'ஏசியா கொழும்பு' வலயத்தைக் கொடுத்தால் ஜாவா இதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது சிக்கல் பிழையே அல்ல. ஒரே பராமீற்றரோடு வெற்றியாக முடிந்த ஜொப்பை ஸ்பிரிங் பேட்ச் மறுபடி ஓட விடாது. ஸ்பிரிங் கொன்டெக்ஸ்டை டெஸ்டுகள் பகிர்வதால் மெமரியில் இருக்கும் எச்2 டேட்டாபேஸும் பழைய பதிவோடு அப்படியே இருக்கும். 'ஜொப் லோஞ்சர் டெஸ்ட் யூட்டில்ஸ்' தரும் தனித்துவமான பராமீற்றரைச் சேருங்கள், அல்லது ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன் 'ஜொப் ரெப்பொசிட்டரி டெஸ்ட் யூட்டில்ஸ்' கொண்டு பதிவுகளை அழியுங்கள். அந்தத் தனித்துவமான பராமீற்றர் உண்மையான ஜொப்புக்குள் போய்விடக் கூடாது. ஒரே நாளுக்கு இரண்டு தரம் எஸ்எம்எஸ் போகாமல் காப்பது அந்தத் தடைதான். டெஸ்ட் கிளாஸில் 'ட்ரான்சாக்ஷனல்' குறிப்பு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஜொப் ரெப்பொசிட்டரி அதற்கு வேறொரு எக்செப்ஷன் எறியும்.

ஏறாவூர் பின்தளம்:

மூன்றாவது மிக ஆபத்தானது, ஏனென்றால் டெஸ்ட் பாஸ் என்று சொல்கிறது. பொருந்தும் ஸ்டப் இல்லாத அழைப்புக்கு வயர்மொக் 404 தரும். சேவைக்குத் தெரியாத ஊர் வந்தால் 404 வரும் என்று அதை ஸ்கிப் பட்டியலில் (ஜொப்பை நிறுத்தாமல் தாண்டிப் போக வேண்டிய பிழைகள்) சேர்த்திருப்பீர்கள். அப்படியானால் பொருந்தாத அழைப்பு ஸ்கிப் ஆகும், ஜொப் 'கம்ப்ளீட்டட்' என்று முடியும், டெஸ்ட் அந்த நிலையை மட்டும் பார்த்துத் திருப்திப்படும். முடிவு நிலையோடு ரீட், ரைட், ஸ்கிப் எண்ணிக்கை மூன்றையும் சரிபாருங்கள்: 10 ஊர் என்றால் 10, 10, 0. ஒவ்வொரு டெஸ்ட் முடிவிலும் பொருந்தாத அழைப்புகளின் பட்டியலை வயர்மொக்கிடம் கேட்டு, அது வெறுமையாக இல்லாவிட்டால் டெஸ்டை விழுத்துங்கள். ஜேயூனிட் 5 எக்ஸ்டென்ஷனுக்கு மாறினால் 'ஃபெயில் ஒன் அன்மெச்ட் ரிக்குவெஸ்ட்ஸ்' என்பதை ட்ரூ என்று எழுதியே கொடுங்கள்.

ஏன் பொருந்தவில்லை? ஊர்ப்பெயர் இரண்டு தரம் என்கோட் (யூஆர்எல்லில் போகக்கூடிய % குறியீடுகளாக மாற்றல்) ஆகியிருக்கும் என்பது என் ஊகம். பெயரை நீங்கள் யூஆர்எல் என்கோடரால் மாற்றி, அதை எழுத்துச்சரமாக ரெஸ்ட்டெம்ப்ளேட்டுக்கு (வெளிச் சேவையை அழைக்கும் ஸ்பிரிங் கிளாஸ்) கொடுத்தால் அது மறுபடி என்கோட் செய்யும். ஒவ்வொரு சதவீதக் குறியும் %25 ஆகிவிடும். வயர்மொக் லொக்கில் %25 தெரிந்தால் இதுதான். பெயரை யூஆர்எல் வேரியபிளாகக் கொடுத்து, என்கோட் செய்வதை ரெஸ்ட்டெம்ப்ளேட்டிடமே விடுங்கள்.

களுதாவளை:

தம்பி, 6 என்பது 3 தர 2. ரீட்ரை லிமிட் 3 என்பதில் முதல் முயற்சியும் அடக்கம், அது சரியாகத்தான் வேலை செய்கிறது. இரண்டாகப் பெருக்குவது அப்பாச்சி எச்டிடிபி கிளையன்ட் 5. அது 503, 429 வந்தால் தானாகவே ஒரு தரம், 1 செக்கன் விட்டு, மறுபடி கேட்கும்.

அதை நீங்கள் சேர்க்கவில்லையே என்று நினைப்பீர்கள். சாதாரண வயர்மொக் சார்புநூலோடு அது சேர்ந்து வருகிறது. ரெஸ்ட்டெம்ப்ளேட் பில்டர் கிளாஸ்பாத்தில் அதைக் கண்டால் அதையே எடுத்துக்கொள்ளும். அதாவது டெஸ்டில் ஒரு கிளையன்ட், உண்மையில் ஓடும்போது வேறொன்று. சோதித்துப் பார்க்க ஸ்டப்பை 503இலிருந்து 500க்கு மாற்றுங்கள். அழைப்பு 3ஆகக் குறைந்தால் காரணம் உறுதி. 'வயர்மொக் ஸ்டாண்டலோன்' போட்டால் அந்த நூல் வேறு பெயரில் உள்ளே அடைபட்டிருக்கும். அதைவிட நல்லது, எந்தக் கிளையன்ட் என்பதைக் கோடிலேயே குறித்துவிடுவது.

கல்லடிப்பாலம்:

500 கொடுத்தேன், 3 வந்தது அண்ணா! லொக்கில் %25 இருந்தது, ஏறாவூர் நானா சொன்னபடிதான். க்ளொக்கை நிறுத்தியதும் நள்ளிரவுத் தோல்வி லாப்டொப்பிலும் வந்தது. இப்போது 10 ஊர் வைத்து, 4ஆவது ஊருக்கு மட்டும் இரண்டு தரம் 500 தந்து மூன்றாம் தரம் 200 தரும் டெஸ்ட் எழுதினால், முதல் மூன்று ஊருக்கும் தலா 3 அழைப்பு போகிறது. இது சரியா? எஸ்எம்எஸ் ஸ்டெப்பிலும் இப்படி நடக்குமா?

களுதாவளை:

சரிதான். பிராசசரில் (ஒவ்வொரு ஊருக்கும் மழை அளவு கேட்கும் பகுதி) எக்செப்ஷன் வந்தால் சங்க் முழுதும் ரோல்பேக் ஆகி, அதாவது பழைய நிலைக்குத் திரும்பி, முதலாவது ஊரிலிருந்து மறுபடி ஓடும். 'பிராசசர் நொன் ட்ரான்சாக்ஷனல்' என்று ஸ்டெப்பில் சொன்னால் ஏற்கெனவே கிடைத்த பதிலை வைத்துக்கொள்ளும். முதல் மூன்றுக்கும் தலா 1, நான்காவதற்கு மட்டும் 3. மழை அளவு கேட்பதற்கு அது போதும்.

எஸ்எம்எஸ் ரைட்டரில் (சங்கை வெளியே எழுதும் அல்லது அனுப்பும் பகுதி) நடந்தால் பெரிய பாதிப்பு. 6ஆவது இலக்கத்தில் கேட்வே பிழை தந்தால் டேபிள்தான் ரோல்பேக் ஆகும், போன 5 செய்தியும் திரும்பி வராது. அந்தப் பிழை ஸ்கிப் பட்டியலில் இருந்தால் ஸ்பிரிங் பேட்ச் சங்கை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதும், முதல் ஐந்து பேருக்கும் இன்னொரு தரம் போகும். வெள்ள எச்சரிக்கை இரண்டு தரம் வந்தால் ஆள் பதறும். ரைட்டர் செய்தியை அனுப்பாமல், விவசாயி இலக்கம், திகதி, அறிவித்தல் வகை மூன்றும் சேர்ந்த யூனிக் கீயோடு ஒரு டேபிளில் மட்டும் எழுதட்டும். அனுப்புவதைச் சங்க் அளவு 1 உள்ள தனி ஸ்டெப்புக்கு மாற்றுங்கள். டெஸ்டில் 6ஆவதைப் பிழையாக்கி, மற்ற ஒவ்வொரு இலக்கத்துக்கும் சரியாக 1 அழைப்பு என்று சரிபாருங்கள்.

ஏறாவூர் பின்தளம்:

அந்த டெஸ்டில் செய்தியின் உடலையும் பாருங்கள். 'நியூ' போட்டு உருவாக்கிய ரெஸ்ட்டெம்ப்ளேட் வெறும் எழுத்துச்சரத்தை லத்தீன் 1 முறையில் அனுப்பும், தமிழ் முழுதும் கேள்விக்குறியாகப் போகும். பூட் தரும் பில்டர் யூடிஎஃப் 8 வைக்கும். நீளமும் முக்கியம். தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றில் 70 குறியீடுதான், அதைத் தாண்டினால் துண்டுக்கு 67. மெய்யும் உயிர்மெய்யும் பல இரண்டு குறியீடு பிடிக்கும்: 'மழை' 3, 'வெள்ளம்' 7. ஊர்ப்பெயர் நீண்டால் செய்தி இரண்டு துண்டாகும், செலவும் அப்படியே.

சம்மாந்துறை வயல்:

டைம்அவுட்டை விட்டுவிட்டீர்கள். ரெஸ்ட்டெம்ப்ளேட்டின் எளிய கிளையன்டுக்கு இயல்பில் காலவரம்பே இல்லை. சேவை பதில் தராமல் இணைப்பைத் திறந்தே வைத்தால் ஜொப் விடியும்வரை காத்திருக்கும். கனெக்ட், ரீட் இரண்டுக்கும் வரம்பு வையுங்கள். டெஸ்டில் ரீட் 500 மில்லிசெக்கன், ஸ்டப்பில் தாமதம் 3000. பேக்ஒஃப் நேரத்தை (மறுபடி முயல முதல் காத்திருக்கும் நேரம்) டெஸ்ட் ப்ரொஃபைலில் 0 ஆக்குங்கள், இல்லையென்றால் டெஸ்ட் நேரமெல்லாம் காத்திருப்பிலேயே போகும்.